ஒரே செய்தி, நான்கு ஊடகம்: இதழியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன் சார். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுப்பதா, ஜர்னலிசம் எடுப்பதா?

பதில்: படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். செய்தி சேகரிப்பும் ஊடகச் சட்டமும் தனித்தனித் தாளாக இருக்க வேண்டும். மாணவர் இதழோ, அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போல வளாக வானொலியோ நடக்க வேண்டும்.

கேள்வி: ஒரே செய்தியை அச்சு, வானொலி, வீடியோ, ரீல்ஸ் நான்குக்கும் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியதையே வாசித்துப் பதிவு செய்தேன், மதிப்பெண் போய்விட்டது.

பதில்: போகத்தான் செய்யும். களத்தில் சேகரிக்காததை எடிட்டிங்கில் உண்டாக்க முடியாது. ஏரி மதகு ஷட்டர் இறங்கவில்லை என்பது செய்தி என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்குப் பாசனப் பரப்பு, பழுதான தேதி, பொறியாளரின் பதில் வேண்டும். வானொலிக்குத் துருப்பிடித்த திருகு கிறீச்சிடும் சத்தம் வேண்டும். பேட்டி எடுத்த இடத்திலேயே யாரும் பேசாமல் 30 விநாடி சூழல் ஒலியைப் பதியுங்கள். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களை அதுதான் மறைக்கும். வீடியோவுக்குத் திருகைச் சுற்றும் கை, அவர் முகம், ஏரி முழுவதும், தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, ஒவ்வொன்றும் 10 விநாடி அசையாமல். ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் தனியாக எடுங்கள். படுக்கைவாக்கில் எடுத்ததை வெட்டினால் கை இருக்கும், மதகு இருக்காது. இன்னொன்று, "312.6 ஏக்கர்" அச்சுக்குச் சரி. காதுக்கு "முந்நூறு ஏக்கருக்கு மேல்" என்றால்தான் நிற்கும்.

கேள்வி: டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. எடிட்டில் உதடும் குரலும் ஒட்டவில்லை.

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் கேமராவின் ப்ரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100இல் பூட்டினால் பட்டை போகும். போன் கேமரா ஃப்ரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கிப் பதிவதால் குரல் விலகும். ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குச் செய்தியில் குழந்தையின் பெயரை மாற்றிவிட்டேன். போதுமா மேடம்?

பதில்: போதவே போதாது. சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் தடுக்கிறது. பல ஊடகங்களில் வேலை செய்யும்போது ஆபத்து கூடுகிறது. அச்சில் வயது, வானொலியில் தாயின் குரல், வீடியோவின் ஓரத்தில் சீருடை. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாதது, சேர்த்துப் பார்த்தால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். நான்கையும் ஒருவரே ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

கேள்வி: புராஜெக்டுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாமா?

பதில்: செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே போடுங்கள், பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் பழுது பார்க்கவில்லை" என்று காரணம் கேட்காதீர்கள். "2022 முதல் இந்த மதகுக்கு ஒதுக்கிய தொகை, பணி உத்தரவின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். தபால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டில் அவைதான் தேதிக்குச் சாட்சி.