கோட்டுக்கு டைவர் வாட்ச் சரிவருமா?

ஏனுங்க, ஈரோடு ரிசப்ஷனுக்குக் கோட் போட்டா 44 மி.மீ. டைவர் வாட்ச்ல (தண்ணிக்குள்ள முங்கறவங்களுக்குன்னு வந்த வாட்ச்) சட்டைக் கை சிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. அகலத்தை விட தடிமன்தாங்க சிக்கல். அந்த ரகம் பெரும்பாலும் 12 மி.மீ.க்கு மேல வரும், டயலைச் சுத்தித் துருத்துற வளையம் (பெசல்) வேற. லெதர் ஸ்ட்ராப் மாத்தினாலும் தீராது.

9 மி.மீ.க்குள்ள தடிமன், 36-39 மி.மீ. அகலத்துல கேஸ் (வாட்ச்சோட உடம்பு), தேதி இல்லாம ரெண்டே முள்ளு, கருப்பு லெதர்னு பாருங்க. பேட்டரியில ஓடற குவார்ட்ஸே போதும், மெலிசாக் கிடைக்கும். ஷூ பிரவுன்னா ஸ்ட்ராப்பும் பிரவுன். ஸ்ட்ராப் தனியா வாங்கினா லக் (ஸ்ட்ராப் மாட்டற கொம்பு) ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை அளந்துக்கங்க, 18 மி.மீ.ல 20 மி.மீ. ஸ்ட்ராப் நுழையாது.

சட்டை தைக்கறதா இருந்தா வாட்ச் கட்டற கைக்கு மட்டும் கஃப்பை ஒரு செ.மீ. தாராளமா விடச் சொல்லுங்க. பந்தியில கை கழுவறப்ப லெதரை நனைக்காதீங்க, விறைச்சுப் போயிரும். வேட்டி சட்டைன்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமுங்க, ஸ்டீல் செயினே எடுப்பா இருக்கும்.