வைஃபை சிம்பலைக் காணோம், லேப்டாப்ல வைஃபையே இல்லையா?

கேள்வி: சார், சித்தப்பா பையன் யூஸ் பண்ணிட்டிருந்த பழைய லேப்டாப்ப எனக்குக் குடுத்துட்டான், விண்டோஸ் 10 புதுசா போட்டுதான் குடுத்தான். வயர் சொருகினா நெட் வருது, ஆனா கீழ வலது ஓரத்துல வைஃபை சிம்பலே வரல. தெரிஞ்ச ஒருத்தர் பாத்துட்டு, ஏதோ கமாண்ட் எல்லாம் அடிச்சுட்டு, இதுல வைஃபையே கிடையாது, யூஎஸ்பில சொருகுற வைஃபை டாங்கிள் வாங்கிக்கோங்கன்னுட்டாரு. தம்பியோ நான் இத்தன நாள் வைஃபைலதான் படம் பாத்தேன்னு சத்தியம் பண்றான். யார நம்புறது? கழட்டாம கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தம்பிய நம்புங்க. சிம்பல் காணோம்ங்கறது வேற, உள்ள வைஃபை பிடிக்கற கார்டே இல்லைங்கறது வேற. உங்க கதையில "விண்டோஸ் புதுசா போட்டு"ன்னு நடுவுல ஒரு வார்த்தை வருது பாருங்க, எனக்கு சந்தேகமே அங்கதான்.

ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர திறங்க, அதுல நெட்வொர்க் அடாப்டர்ஸ்ங்கற வரிய விரிங்க. வயர்லெஸ், வைஃபை, டபிள்யூலேன், 802.11, டூயல் பேண்ட், இதுல ஏதாவது ஒண்ணு பேருல ஒட்டிட்டு இருந்தா கார்டு இருக்கு, விஷயம் முடிஞ்சுது. ஆனா இங்க நிறைய பேர் ஏமாறுவாங்க. வான் மினிபோர்ட்னு ஏழெட்டு வரி நிக்கும், அத டபிள்யூலேன்னு அவசரத்துல படிச்சுட்டு "ஹை இருக்கு"ம்பாங்க, அது விண்டோஸ் தானா வச்சுக்கற சாஃப்ட்வேர் சமாச்சாரம், கார்டே கிடையாது. ஜிபிஇ, கிகாபிட், ஈதர்நெட்னு வந்தா அது நீங்க வயர் சொருகுற போர்ட். புளூடூத்னு இருந்தா அதுவும் வைஃபை இல்ல, ஆனா நல்ல சகுனம்னு வச்சுக்கலாம், ஏன்னா லேப்டாப்ல பெரும்பாலும் ரெண்டும் ஒரே கார்டுலதான் உக்காந்திருக்கும்.

உங்களுக்கு அங்க வயர்லெஸ்னு எதுவும் இருக்காதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கீழ இறங்கி அதர் டிவைசஸ்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, அதுக்குள்ள மஞ்சள் முக்கோணத்தோட நெட்வொர்க் கண்ட்ரோலர்னு ஒண்ணு பரிதாபமா நின்னுட்டிருந்தா அதுதான் உங்க வைஃபை கார்டு. வயர் போர்ட்டுக்கு டிரைவர் (கார்ட விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தி வைக்கற சாஃப்ட்வேர்) இல்லன்னா அது ஈதர்நெட் கண்ட்ரோலர்னு வரும், வெறும் நெட்வொர்க் கண்ட்ரோலர்னு வந்தா பெரும்பாலும் வைஃபைதான். டபுள் கிளிக் பண்ணா கோட் 28னு காட்டும், டிரைவர் போடலைன்னு அர்த்தம். அதாவது ஆள் வீட்டுக்குள்ளதான் இருக்காரு, விண்டோஸுக்கு அவர் பேரு தெரியல, அவ்ளோதான்.

உங்க நண்பர் கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிச்சது அனேகமா நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸா (netsh wlan show drivers) இருக்கும். நல்ல கமாண்ட்தான், ஆனா டிரைவர் இல்லாத மெஷின்ல அடிச்சா "இந்த சிஸ்டத்துல வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் எதுவும் இல்ல"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடும். பாவம் அவர் அத அப்படியே நம்பிட்டாரு.

கார்டு யாரோடதுன்னு தெரியணும்னா, அதே டபுள் கிளிக் விண்டோல டீடெயில்ஸ் டேபுக்குப் போய் ஹார்டுவேர் ஐடிஸ தேர்ந்தெடுங்க. வென்ங்கற (VEN) எழுத்துக்கு அப்புறம் 8086 இருந்தா இன்டெல், 168சி ஏதெராஸ், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக். (8086ங்கறது 1978ல இன்டெல் விட்ட ப்ராசஸரோட பேரு, அதையே கம்பெனி நம்பரா வச்சுக்கிட்டாங்க, குசும்பு.) அடுத்து டெவ்ங்கறதுக்கு (DEV) அப்புறம் வர்ற நாலு எழுத்து மாடல சொல்லும். லேப்டாப் அடியில இருக்கற மாடல் நம்பர வச்சு அந்த கம்பெனி சைட்லயே வைஃபை டிரைவர் எடுத்துப் போடுங்க, உங்களுக்குத்தான் வயர்ல நெட் வருதே, கவலையே இல்ல. வயரும் இல்லாதவங்க ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பி கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா நெட் வந்துடும், டிரைவர் எடுக்க அது போதும்.

அதர் டிவைசஸ்லயும் ஒண்ணும் இல்லன்னா? அப்பவும் டாங்கிளுக்கு ஓடாதீங்க. பழைய லேப்டாப்ல பக்கவாட்டுலயோ முன்னாடி விளிம்புலயோ குட்டியா ஒரு ஸ்விட்ச் இருக்கும், துணியில உரசியே ஆஃப் ஆயிருக்கும், சில மாடல்ல அது ஆஃப் ஆனா கார்டு லிஸ்ட்லயே வராது. இல்லன்னா எஃப்என் பட்டனோட சேத்து அழுத்துற, ஆன்டெனா படம் போட்ட பட்டன். அப்புறம் பயாஸுக்குள்ள (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடியே திறக்கற செட்டிங்ஸ்) போய் வயர்லெஸ் லேன் டிசேபிள்னு இருக்கான்னு பாருங்க, அங்க அணைச்சு வச்சிருந்தா விண்டோஸ் தலைகீழா நின்னாலும் அதுக்குத் தெரியாது. இன்னொரு வித்தை, ஷட் டவுன் பண்ணி சார்ஜர உருவி, பேட்டரி கழட்டற மாதிரி இருந்தா அதையும் கழட்டிட்டு பவர் பட்டன 30 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, காணாமப்போன கார்டு சில சமயம் இதுலயே திரும்பி வரும். எனக்கே ஒரு தடவ வந்திருக்கு, அதுக்குள்ள நான் புது கார்டு ஆர்டர் போட்டுட்டேன்ங்கறது தனிக்கதை.

சாஃப்ட்வேர் கோளாறா கார்டு கோளாறான்னு பிரிச்சுப் பாக்க, பென் டிரைவ்ல லினக்ஸ் (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணிப் பாருங்க. அங்க வைஃபை வந்தா கார்டு நல்லாதான் இருக்கு.

எல்லாம் பாத்தும் இல்லன்னாதான் அடி மூடியக் கழட்டணும். உள்ள மினி பிசிஐஇ இல்லன்னா எம்.2 ஸ்லாட்ல குட்டி கார்டு, அதுல கருப்பும் வெள்ளையுமா ரெண்டு மெல்லிய வயர், ரெண்டும் ஸ்க்ரீன் பக்கம் இருக்கற ஆன்டெனாவுக்குப் போகும். வயர் மட்டும் அனாதையா கிடந்தா கார்ட யாரோ உருவிட்டாங்கன்னு அர்த்தம், தம்பிகிட்ட கேளுங்க. வேற கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, சில லேப்டாப் தன் பயாஸ்ல பதிஞ்ச கார்ட தவிர வேற எதையும் ஏத்துக்காது, ஆன் பண்ணதுமே முறைக்கும். அந்த மாதிரி மாடலுக்கு டாங்கிள்தான் நிம்மதி.

கேள்வி: என் லேப்டாப்ல வைஃபை வேலை செய்யுது, ஆனா வீட்டு ரவுட்டர்ல ரெண்டு வைஃபை பேரு இருக்கு, போன்ல ரெண்டும் தெரியுது, லேப்டாப்ல ஒண்ணுதான் தெரியுது. கார்டு பழுதா?

பதில்: பழுது இல்ல, வயசு. உங்க கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைய மட்டும் பிடிக்கற ரகம்போல, 5 கிகாஹெர்ட்ஸ் பேரு அதுக்குக் கண்ணுலயே படாது. மேல சொன்ன அதே கமாண்ட அடிச்சா ரேடியோ டைப்ஸ்னு ஒரு வரி வரும். 802.11ஏ, ஏசி, ஏஎக்ஸ்னு இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. வெறும் பி, ஜி, என் மட்டும்னா பெரும்பாலும் இல்ல. என்ங்கறது ரெண்டுலயும் ஓடும், அத மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: பரண்ல கிடந்த லேப்டாப்ல சென்ட்ரினோ ஸ்டிக்கர் இருக்கு, ஆன் ஆகல. வைஃபை இருக்குமா?

பதில்: வாங்கும்போது இருந்திருக்கும். 2003ல சென்ட்ரினோ வந்தப்போ இன்டெல் ப்ராசஸர், இன்டெல் சிப்செட், இன்டெல் வைஃபை கார்டு மூணும் சேந்திருந்தாதான் அந்த ஸ்டிக்கர ஒட்ட விடுவாங்க. இப்பவும் உள்ள இருக்கான்னு பாக்க ஸ்க்ரூ டிரைவர எடுங்க.