யூமிங் பாட்டு கேக்க எங்கேருந்து ஆரம்பிக்கறது? டோக்கியோ போகப்போற வாசகருக்கு பதில்

கேள்வி: "ஜப்பான் கம்பெனி ஒண்ணுல வேலை பாக்கறேன், ஏப்ரல்லேருந்து ரெண்டு வருஷம் டோக்கியோ ஆபீஸ்ல போஸ்டிங். கிகிஸ் டெலிவரி சர்வீஸ் படம் பாத்ததுலேருந்து அதுல வர்ற ரெண்டு பாட்டு மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு. அங்க இருக்கற மேனேஜர்கிட்ட சொன்னேன், அம்பத்தஞ்சு வயசு இருக்கும், 'ஓ, யூமிங்!'னு ஒரே குஷி ஆயிட்டார். தேடினா யூமி அராய்னு ஒரு பேரு, யூமி மட்சுதோயான்னு இன்னொரு பேரு, நூத்துக்கணக்குல பாட்டு. எதுல ஆரம்பிக்கட்டும்? பெஸ்ட் ஆஃப் சிடி ஒண்ணு வாங்கினா போதுமா? இதுதான் சிட்டி பாப்பா? எனக்கு என்4 லெவல், அதாவது ஆரம்ப நிலை ஜப்பானீஸ்தான் தெரியும். அப்புறம் கரோக்கேல மானம் போகாம பாட ஒரு பாட்டு சொல்லுங்க."

முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சுடுவோம். ரெண்டும் ஒரே பாடகிதான், யூமிங்கறது அவங்க செல்லப் பேரு. 1954ல டோக்கியோவுக்கு மேற்குல ஹசியோஜிங்கற ஊர்ல, கிமோனோ கடை வச்சிருந்த குடும்பத்துல பிறந்தவங்க, பிறந்த வீட்டுப் பேரு அராய். தன்னோட ரெக்கார்டிங்குக்கெல்லாம் கீபோர்டு வாசிச்சிட்டிருந்த மட்சுதோயா மசதாகாவை 1976 நவம்பர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் வந்த ஆல்பமெல்லாம் புருஷன் வீட்டுப் பேர்ல. அதனால ஆப்ல ரெண்டு பேரையும் தனித்தனியா தேடுங்க, ஒண்ணை மட்டும் தேடிட்டு உக்காந்தீங்கன்னா நீங்க மொதல்ல கேக்கவேண்டிய நாலு ஆல்பம் கண்ணுலயே படாம போயிடும். ரொம்ப நாள் ஸ்ட்ரீமிங்குக்கே வராம இருந்தாங்க, 2018 செப்டம்பர் 24 அன்னிக்கு 424 பாட்டையும் மொத்தமா திறந்து விட்டாங்க, நீங்க பாத்து மலைச்சுப் போனது அந்தக் குவியலைத்தான்.

எதுல ஆரம்பிக்கறதுன்னா, என் பதில் ஒண்ணே ஒண்ணு: 1974ல வந்த 'மிஸ்லிம்' ஆல்பம், முதல் பாட்டுலேருந்து கடைசி வரைக்கும், ஷஃபிள் போடாம. உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு பாட்டுல, படம் முடியும்போது வர்ற 'யசாஷிசா நி ட்சுட்சுமாரெதா நாரா' இதுலதான் இருக்கு. இந்தப் பாட்டுக்கு சிங்கிள்ல ஒரு வெர்ஷன், ஆல்பத்துல வேற வெர்ஷன், 1989ல மியாசாகி எடுத்த உங்க கிகி படத்துல போட்டது ஆல்பம் வெர்ஷன், அதனால வேற எங்கயாவது கேட்டுட்டு "என்னடா இது நம்ம பாட்டு மாதிரி இல்லையே"ன்னு நினைக்காதீங்க. படத்து ஆரம்பத்துல துடைப்பத்துல தொங்கற ரேடியோவை அந்தப் பொண்ணு ஆன் பண்ணினதும் வருமே, 'ரூஜு நோ தென்கோன்', அது அடுத்த வருஷம் வந்த 'கோபால்ட் ஹவர்' ஆல்பத்துல. குழந்தைங்க படத்துல வந்ததால பாட்டும் குழந்தைப் பாட்டுன்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, கதையைக் கேளுங்க: வேற பொண்ணு பின்னாடி சுத்தற ஆளுக்கு பாத்ரூம்ல லிப்ஸ்டிக்கால நாலு வரி எழுதி வச்சிட்டு, அவன் அம்மாகிட்டயே போய் போட்டுக் குடுக்கறேன்னு ரயில் ஏறிப் போறா ஒருத்தி. நல்லா வாங்கட்டும்!

யூமிங்கோட பலமே இதுதான்னு நான் சொல்லுவேன். "உன்னை நேசிக்கிறேன், நீ இல்லாம நான் இல்லை"ன்னு பொதுவா உருகறது இவங்க பாட்டுல கம்மி. ஒரு இடம், ஒரு பொருள், பக்கத்துல ஒரு ஆள், அவ்வளவுதான் குடுப்பாங்க, சோகமோ சந்தோஷமோ நீங்களே பாத்துக்கணும். 'மிஸ்லிம்'லயே 'உமி ஓ மிதெஇதா கோகோ'ன்னு ஒரு பாட்டு, யோகோஹாமால நெகிஷி மலை மேல இருக்கற டால்ஃபின்ங்கற ரெஸ்டாரன்ட்ல ஒரு பொண்ணு தனியா உக்காந்திருக்கா, எதிர்ல சோடா டம்ளர், கண்ணாடி வழியா பாத்தா அந்த சோடாவுக்குள்ள சரக்குக் கப்பல் ஊர்ந்து போகுது. பிரிஞ்சு போனவனைப் பத்தி பெருசா ஒண்ணும் சொல்லலை, ஆனா பாட்டு முடியறதுக்குள்ள நமக்கு எல்லாம் தெரிஞ்சிடும். அந்தக் கடை இன்னும் இருக்கு, அங்க போறவங்க சோடா ஆர்டர் பண்ணி அதே மாதிரி கடலைப் பாத்துட்டுதான் வராங்க.

அதே ஆல்பத்துல 'ஹிதோமி ஓ தோஜிதெ'ன்னு ஒண்ணு இருக்கு, அது பொறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாகசாகி பக்கம் கோதோ தீவுகள்ல நாருன்னு ஒரு சின்னத் தீவு, அங்க இருந்த கிளைப் பள்ளிக்கு சொந்தமா ஸ்கூல் பாட்டு கிடையாது, அங்க படிச்ச ஒரு மாணவி எங்களுக்கு ஒரு பாட்டு பண்ணிக் குடுங்கன்னு ராத்திரி ரேடியோ புரோகிராமுக்கு எழுதிப் போட, இவங்க நிஜமாவே பண்ணிக் குடுத்துட்டாங்க. முறைப்படி ஸ்கூல் பாட்டா ஆகலை, ஆனா பிள்ளைங்க விடாம பாடற பாட்டாயிடுச்சு, 1988ல அந்த வரிகளைக் கல்லுல செதுக்கி நட்டும் வச்சாங்க.

மிஸ்லிம் பிடிச்சுதுன்னா முன்னாடி ஒரு படி, பின்னாடி ரெண்டு படி ('கோபால்ட் ஹவர்', அப்புறம் 'ஜூயோன்பன்மே நோ ட்சுகி'). முன்னாடி உள்ளது 1973 நவம்பர்ல வந்த முதல் ஆல்பம் 'ஹிகோகிகுமோ', அப்ப அவங்களுக்கு 19 வயசு. உண்மையில பாட வந்தவங்களே இல்லை, மத்தவங்களுக்கு மெட்டு போட்டுக் குடுக்கணும்னுதான் ஆசை, 17 வயசுலயே ஒரு பாடகருக்குப் போட்டும் குடுத்திருந்தாங்க, ஆல்ஃபா ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்ச முராய் குனிஹிகோதான் நீயே பாடுன்னு தள்ளி விட்டவர். பாட வந்தா குரல் நடுங்கும், ரெக்கார்டிங் டைரக்டர் அந்த நடுக்கம் சுத்தமா போகணும், நேரா பாடுன்னு திரும்பத் திரும்ப எடுக்க வச்சு, ஒரு ஆல்பம் முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆட்டம் அசைவு இல்லாம ஒரே நூலாப் போற அந்தக் குரல் அப்படி வந்ததுதான், முதல் தடவை கேக்கறவங்க "என்ன இவ்வளவு வெறுமையா பாடறாங்க"ன்னு சொல்றதும் அதைத்தான். கொஞ்சம் பொறுங்க, ரெண்டு வாரத்துல அந்த வெறுமைதான் வேணும்னு இருக்கும். டைட்டில் பாட்டு, கூடப் படிச்ச பையன் சின்ன வயசுலயே நோயில செத்துப் போனதை வச்சு எழுதினது, நாப்பது வருஷம் கழிச்சு 2013ல மியாசாகி அதை எடுத்து 'தி விண்ட் ரைசஸ்' படத்துக்கு முடிவுப் பாட்டா வச்சார்.

இந்த ஆல்பங்கள்ல வாசிச்ச ஆளுங்களையும் பாத்து வைங்க, உங்க சிட்டி பாப் கேள்விக்கு, அதாவது எழுபது எம்பதுகள்ல வந்த ஜப்பான் நகரத்துப் பாப் பாட்டு பத்தின கேள்விக்கு, பதில் அங்கதான் இருக்கு. பேஸ் ஹோசொனோ ஹருஓமி, பின்னாடி யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராங்கற எலக்ட்ரானிக் இசைக்குழுவை ஆரம்பிச்சவர், கிட்டார் சுசுகி ஷிகெரு, டிரம்ஸ் ஹயாஷி தட்சுஓ, கீபோர்டு வருங்கால மாப்பிள்ளை. காரமெல் மாமான்னு பேர் வச்சிருந்தாங்க, அப்புறம் டின் பான் ஆலின்னு மாத்திக்கிட்டாங்க. மிஸ்லிம்ல பின்னணி கோரஸ் பாடினவங்கள்ல யமாஷிதா தட்சுரோவும் ஒருத்தர், இன்னிக்கு யூடியூப்ல சிட்டி பாப்னு போட்டா முதல்ல வந்து நிக்கறவர். அதாவது ஆளுங்க ஒண்ணு, ஸ்டூடியோ வழக்கமும் ஒண்ணு, ஆனா அந்தப் பேருக்குள்ள யூமிங்கை முழுசா அடைக்க முடியாது. அப்ப ஜப்பான்ல ஓடிட்டிருந்தது ஒத்தை ரூம்ல குடித்தனம், வறுமை, காதல்னு கிட்டாரோட அழற ஃபோக் பாட்டு, நாலரைப் பாய் அகல ரூம் பாட்டுன்னு அதுக்கு நக்கலா பேர் வச்சதே இவங்கதான்னு சொல்லுவாங்க. இவங்க படிச்சது கிறிஸ்தவ மிஷன் ஸ்கூல், சேப்பல்ல பைப் ஆர்கன், வெளியில வந்தா புரோகோல் ஹாரம்ங்கற இங்கிலாந்து ராக் குழுவோட ரெக்கார்டு, அந்தக் காது வேற. 1976ல வந்த 'ககெரியுகு ஹெயா' கேளுங்க, டோக்கியோ கதீட்ரல்ல இருக்கற நிஜ பைப் ஆர்கன் அது, பின்னாடி ஷீனா ரிங்கோங்கற பாடகி அந்தப் பாட்டை எடுத்துப் பாடினதுல ஆச்சரியமே இல்லை.

கார்ல போட்டுக் கேக்கற சிட்டி பாப்தான் வேணும்னா, 1976 'ஜூயோன்பன்மே நோ ட்சுகி' ஆல்பத்துல 'சூஓ ஃப்ரீவே'. டோக்கியோலேருந்து மேற்க, அவங்க ஊர் ஹசியோஜி பக்கம் போற எக்ஸ்பிரஸ்வே, வலது பக்கம் குதிரைப் பந்தய மைதானம், இடது பக்கம் பீர் ஃபேக்டரி, ரெண்டும் கற்பனை இல்லை, ஃபுசூங்கற ஊர்ல இருக்கற பந்தய மைதானமும் சன்டோரி பீர் ஃபேக்டரியும்தான். டோக்கியோ போனதும் ஒரு லீவ் நாள்ல ஷின்ஜுகுலேருந்து கவாகுச்சிகோ போற ஹைவே பஸ் ஏறுங்க, ஃபுஜி மலை பாக்க எப்படியும் போவீங்க, இந்தப் பாட்டை ஹெட்ஃபோன்ல போட்டுட்டு ரெண்டு பக்கமும் கண்ணை வச்சுக்குங்க.

இப்ப பெஸ்ட் ஆஃப் விஷயம். கல்யாணத்தோட பாட்டை நிறுத்திடலாம்னு இருந்தவங்க 1978ல திரும்பி வந்து, அராய் கால நாலையும் சேத்து 2020 வரைக்கும் மொத்தம் 39 ஆல்பம் போட்டுட்டாங்க, எல்லாத்தையும் வரிசையா கேக்கறேன்னு கிளம்பாதீங்க, நடுவுல மூச்சு வாங்கும். எம்பதுகள்ல இவங்க ஒரு சீசன் மாதிரியே ஆயிட்டாங்க, 1980 'சர்ஃப் அண்ட் ஸ்னோ'ல இருக்கற கிறிஸ்துமஸ் பாட்டு 1987ல ஒரு பனிச்சறுக்குப் படத்துல வந்து, அந்தக் காலத்துப் பசங்க அந்தப் பாட்டை வச்சுக்கிட்டு பனிமலைக்குக் கிளம்பினாங்க, நயேபாங்கற பனிச்சறுக்கு ஊர்ல 1981லேருந்து வருஷா வருஷம் கச்சேரி வேற. 1990ல வந்த 'தென்கோகு நோ டோர்' ஜப்பான்ல முதல் தடவையா 20 லட்சம் தாண்டின ஆல்பம். உங்க மேனேஜர் குஷியானது இந்த யூமிங்கை நினைச்சுத்தான் இருக்கும், அவர் வயசைக் கணக்குப் போட்டுப் பாருங்க. எனக்கு இந்தக் காலத்து சின்தசைசர் சத்தம் கொஞ்சம் பிளாஸ்டிக்காதான் கேக்குது, பாட்டு நல்ல பாட்டு, சட்டை பழசாயிடுச்சு. அதனால இந்தக் காலத்துக்கு மட்டும் பெஸ்ட் ஆஃப் போதும்: 2022ல அம்பதாவது வருஷத்துக்கு வந்த 'யூமிங் பான்சாய்', மூணு சிடி, 51 பாட்டு. அதுல பழைய அராய் யூமி குரலை ஏஐல உருவாக்கி இப்ப இருக்கற குரலோட சேத்துப் பாட வச்ச ஒரு புதுப் பாட்டும் இருக்கு, ஒரு தடவை கேக்கலாம். அந்த ஆல்பம் நம்பர் ஒன் வந்ததுல 1970கள்லேருந்து 2020கள் வரைக்கும் ஒவ்வொரு பத்து வருஷத்துலயும் நம்பர் ஒன் ஆல்பம் குடுத்தவங்கன்னு ஆச்சு.

சிடி எதையும் இங்கேருந்து ஆர்டர் பண்ணாதீங்க, ஷிப்பிங், கஸ்டம்ஸ்னு காசு வீணாப் போகும். அங்க போய் புக் ஆஃப், டிஸ்க் யூனியன் மாதிரி பழைய சிடி விக்கற கடைங்கள்ல பாருங்க, லட்சக்கணக்குல வித்த தொண்ணூறுகள் ஆல்பமெல்லாம் ஒரு காபி விலைக்குக் கிடக்கும். அராய் கால சிடி எடுத்தா 2000ல ரீமாஸ்டர் பண்ணினதா பாத்து எடுங்க, பெர்னி கிரண்ட்மன்ங்கற அமெரிக்க மாஸ்டரிங் இன்ஜினியர் பண்ணினது. எல்பி ஆசை இருந்தா எக்ஸ்பிரஸ் லேபிள் போட்டதுதான் முதல் பதிப்பு, ஆல்ஃபா லேபிள்ல உள்ளது பின்னாடி வந்தது, விலை கேக்கறதுக்கு முன்னாடி நடு லேபிளைப் பாருங்க.

பாஷை விஷயத்துல, என்4க்கு அராய் காலப் பாட்டு நல்லாவே ஒத்து வரும், பேச்சு மொழிதான், வேகமும் கம்மி. 1994ல என்எச்கே டிவியோட காலை சீரியலுக்குப் பாடின 'ஹாரு யோ, கோய்' மட்டும் இப்ப தொடாதீங்க, ஊரே உருகற பாட்டுதான், ஆனா வரியெல்லாம் பழைய இலக்கிய நடை, செய்யுள் மாதிரி இருக்கும், டிக்‌ஷனரியோட மல்லுக்கட்டி ரசனை போயிடும். இன்னொண்ணு, இவங்க மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கலாம், மட்சுதா செய்கோ பாடின 'அகாய் ஸ்வீட்பீ', யகுஷிமாரு ஹிரோகோ பாடின 'வுமன்' ரெண்டுலயும் இசைன்னு குரெதா கருஹோன்னு போட்டிருக்கும், அதுவும் இவங்கதான், பழைய ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போ பேரைக் கிண்டலா மாத்தி வச்சுக்கிட்ட புனைபேரு. மேனேஜர்கிட்ட இதை மட்டும் எடுத்து விடுங்க, அன்னிக்கு பில் அவர்தான் கட்டுவார்.

கடைசியா கரோக்கே. 'சூஓ ஃப்ரீவே' பக்கமே போகாதீங்க, சுருதி நழுவி நழுவி மாறிட்டே இருக்கும், பழகினவங்களே தடுக்கி விழற இடம். 'சொட்சுக்யோ ஷாஷின்' எடுங்க, 'கோபால்ட் ஹவர்'ல இருக்கு, ஸ்கூல் முடிச்சப்ப எடுத்த ஃபோட்டோவைப் பாக்கற பாட்டு, மெதுவா நடக்கும், மேல் ஸ்தாயி பயமுறுத்தாது, கூட இருக்கற அம்பது வயசுக்காரங்க அத்தனை பேரும் ரெண்டாவது வரியிலயே சேந்துப்பாங்க, உங்க குரல் அதுல அமுங்கிடும், அதுவும் ஒரு வசதி. ஆம்பளைக் குரலுக்கு ஒரிஜினல் சுருதி ஒத்து வரலைன்னா ரிமோட்ல கீன்னு போட்ட பட்டனை ரெண்டு மூணு தடவை கீழ அமுக்குங்க, வீட்டுலயே பாடிப் பாத்து எத்தனைன்னு முடிவு பண்ணிட்டு போங்க. குரலை ஆட்டி அசைச்சு கமகமெல்லாம் போடாதீங்க, நேரா பாடுங்க.