பதில்: கொரியன் பழகப் போய் ஆங்கிலத்திலேயே முடிகிறது

டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழக விடுதியில் கொரிய மாணவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குக் கொரியன் கற்கப் பேசிவைத்தும், கால்மணி நேரத்தில் இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஒரே பேச்சில் கலப்பதுதான் கோளாறு. முதல் அரைமணி கொரியன் மட்டும், அடுத்த அரைமணி தமிழ் மட்டும் என்று போனில் அலாரம் வையுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், குறித்துவைத்துக் கடைசியில் சொல்லுங்கள்.

அவருக்கு எழுத்துத் தமிழில் தொடங்க வேண்டாம். "வருகிறேன்" என்று பழகியவர், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் "வரேங்க" என்று காதில் விழுந்தால் முழிப்பார். வாக்கிய அமைப்பு அவ்வளவாகப் படுத்தாது. கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆளுக்கேற்ற மரியாதை வினையில் தெரிவதும் அவருக்குப் புதிதல்ல. திணறப்போவது ழகரத்தில். (நம்மில் பலருக்கே வராது, விடுங்கள்.)

அப்புறம், அறையிலேயே உட்கார்ந்தால் பேச விஷயம் தீர்ந்துவிடும். ஒரு வாரம் ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம், அடுத்த வாரம் லாஜ்பத் நகர் கொரியக் கலாச்சார மையம் என்று மாற்றிப் போங்கள். மையத்தில் மொழி வகுப்பும் நடக்கிறது. இலக்கணச் சந்தேகங்களை அங்கே கேளுங்கள். நண்பரிடம் அரட்டை போதும்; அவரை வாத்தியாராக்கினால் ஓடிவிடுவார்.