தளபதி கையெழுத்திட்ட கடன் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய கட்டுரையில், படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்று சொன்னதைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். மாதம் 500 டாலர் சம்பளத்தையே வாங்கியிருந்தால் அரசுக்குச் செலவு குறைந்திருக்கும் என்று படித்தேன். மனைவியின் பயணச் செலவைக்கூட எழுதினாராமே? நான் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தளபதி என்பதற்காக பில் கேட்காமல் விட முடியுமா? அன்றைய ராணுவ அதிகாரிகளின் கணக்கை எப்படித் தீர்த்தார்கள்?

செ.

அன்புள்ள செ. ஐயா,

பில் கேட்கத்தான் வேண்டும். வாஷிங்டனிடமும் கேட்டார்கள். 1783-ல் அவர் தன் கைப்படக் கொடுத்த எட்டு ஆண்டுக் கணக்கு 16,311 பவுண்டு சொச்சம். சம்பளத்தைவிட அதிகம்தான். ஆனால் கூட இருந்த அதிகாரிகளின் சாப்பாடு, பயணம், தூது, உளவு எல்லாம் அதில் அடக்கம். பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்த பாஸ்டன் நகருக்குள் போய் ரகசியத் தகவல் அனுப்ப 1775 ஜூலையில் ஒருவருக்குக் கொடுத்த 333 டாலர் அதில் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. மனைவி மார்த்தா குளிர்கால முகாம்களுக்கு வந்துபோன வகையில் 1,064 பவுண்டு எழுதியது உண்மை. தான் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் இதைக் கேட்பதாகக் காரணத்தையும் எழுதிவைத்தார். கருவூல அதிகாரி ஜேம்ஸ் மில்லிகன் எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவான தொகை வாஷிங்டனுக்குத்தான் வரவேண்டும் என்று முடித்தார்.

என் வருத்தமெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. அன்று படைக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால், அதிகாரி அரசின் பெயருக்கு ஒரு பணச்சீட்டு எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு வியாபாரியிடம் கொடுப்பார். சீட்டு பல வாரம் பயணம் செய்து தலைநகருக்குப் போகும். அங்கே ஏற்றுக்கொண்டால் சரி. மறுத்துவிட்டால் வியாபாரி அதிகாரியின் வீட்டு வாசலில் வந்து நிற்பார். பொருளைப் பயன்படுத்தியது அரசு, கடன்காரர் அந்த ஆள்! இந்த ஏற்பாடுதான் தவறு என்கிறேன், தணிக்கை அல்ல.

தெற்குப் படையின் தளபதி நத்தானியல் கிரீன், பட்டினியும் கந்தலுமாக இருந்த வீரர்களுக்காக ஜான் பேங்க்ஸ் என்ற ஒப்பந்தக்காரரின் கடனுக்கு ஜாமீன் நின்றார். பேங்க்ஸ் நொடித்துப்போக, கடன் முழுவதும் கிரீன் தலையில் விழுந்தது. 1786-ல் அந்தக் கடனோடுதான் இறந்தார். மனைவி கேத்தரின் விடாமல் மனுப் போட்டு, 1792-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 47,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இன்னொருவர் மெரிவெதர் லூயிஸ். பசிபிக் கடல்வரை போய்த் திரும்பிய ராணுவ கேப்டன். அந்தப் பயணத்துக்கு 2,500 டாலர் ஆகும் என்று அவர் போட்ட மதிப்பீடு, 1807-ல் கணக்குப் பார்த்தபோது 38,722 டாலரைத் தாண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் எந்த அரசுத் துறையின் பெயருக்கும் சீட்டு எழுதலாம் என்று அன்றைய அதிபர் ஜெஃபர்சன் கடிதம் கொடுத்திருந்தார். பிறகு லூயிஸ் லூசியானாப் பிரதேச ஆளுநரானார். தலைநகருக்கு வந்திருந்த மாண்டன் என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் ஷெஹேகேயைச் சொந்த ஊருக்குப் பத்திரமாகச் சேர்க்க ஒரு வணிகக் கம்பெனியோடு 7,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். வழியில் உள்ள மக்களுக்குப் பரிசாகப் புகையிலை, வெடிமருந்து வாங்க மேலும் 500 டாலருக்குச் சீட்டு எழுதினார். முன்அனுமதி இல்லை என்று சொல்லி போர்த்துறைச் செயலர் வில்லியம் யூஸ்டிஸ் 1809 ஜூலையில் அதை மறுத்துக் கடிதம் எழுதிவிட்டார். லூயிஸ் தான் இருந்த செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தால் படகு கிளம்பும் பருவமே போயிருக்கும்!

செய்தி பரவியதும் சொந்தக் கடன்காரர்களும் சேர்ந்து நெருக்கினார்கள். நிலப் பத்திரங்களை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ரசீதுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நேரில் விளக்கலாம் என்று செப்டம்பரில் கிளம்பினார். அக்டோபர் 11 அன்று, டென்னசியில் ஒரு வழித்தங்கல் விடுதியில் துப்பாக்கிக் காயங்களோடு இறந்தார். வயது 35. தற்கொலை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். குடியும் மனச்சோர்வும் ஏற்கெனவே இருந்தன. பழியை ஒரே ஒரு கடிதத்தின் மேல் போட மாட்டேன். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1792-ல் போர்த்துறைக்கென்று ஒரு கணக்கர் பதவியை உருவாக்கினார்கள். 1795 முதல் அதில் இருந்தவர் வில்லியம் சிம்மன்ஸ். லூயிஸின் பயணக் கணக்கைப் பார்த்தவரும் அவர்தான். வவுச்சர் இல்லாத தொகையை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதவர். அவரை வில்லனாக்குவதை நான் ஏற்கவில்லை. 1814 ஜூலையில் அதிபர் மாடிசன் அவரைப் பதவிநீக்கம் செய்தார். அடுத்த மாதமே தலைநகருக்கு அருகே உள்ள பிளேடன்ஸ்பர்க் ஊரில் பிரிட்டிஷ் படை இருப்பது தெரியாமல் குதிரையில் வந்த அதே மாடிசனை, எதிரி வந்துவிட்டான் என்று எச்சரித்தவர் இந்த சிம்மன்ஸ். விதிமுறையை வகுப்பது அவர் கையில் இல்லை, கொடுக்கப்பட்ட விதிமுறையை அவர் நேர்மையாகக் கடைப்பிடித்தார்.

1817-ல் சட்டம் மாறியது. கணக்கர் பதவியை நீக்கி, கருவூலத்தில் ஐந்து தணிக்கையாளர்களை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். தேங்கிக் கிடந்த கணக்குகளை வேகமாக முடிக்க அது வழி செய்தது. ஆனால் பணத்தைக் கையாண்ட அதிகாரியே சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகும் மாறவில்லை.

அன்புடன்