நியூசிலாந்தில் ஆடு குறைந்தது, கறி?

"நியூசிலாந்தில் செம்மறியாடுகள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டனவாமே, இறைச்சியும் அதே அளவு சரிந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, இறைச்சி அந்த அளவுக்குச் சரியவில்லை. 1982-இல் சுமார் 7 கோடி ஆடுகள் இருந்தன. இப்போது இரண்டரைக் கோடிக்கும் கீழே. 1984-இல் வந்த அரசு விவசாய மானியங்களை வெட்டியது, அப்புறம் கம்பளி விலையும் படுத்தது. நல்ல சமவெளி நிலமெல்லாம் பால் பண்ணைக்குப் போனது. மேட்டு நிலத்தில் பைன் மரம் ஏறியது.

ஆனால் மிஞ்சிய ஆடுகளிடம் விளைச்சல் கூடியது. 100 தாய் ஆடுகளுக்கு 100 குட்டி என்றிருந்தது 130 வாக்கில் ஏறியது. குட்டியின் உரித்த எடையும் சுமார் 14 கிலோவிலிருந்து 18, 19 கிலோ ஆனது. இனத்தேர்வும் நல்ல மேய்ச்சலும்தான் காரணம். மானியம் போனதே இதற்குப் பெரிய உந்துதல் என்பது என் கருத்து. மானியத்துக்காக ஆடுகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.