‘நாட்’ எங்கே நிற்க வேண்டும்? ஆங்கில எதிர்மறை வாக்கியங்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆங்கிலத்தில் ‘டு கோ’, ‘டு டெல்’ போன்ற வினை வடிவங்களோடு எதிர்மறை சேரும்போது எழும் ஐயங்களே இம்முறை மிகுதியாக வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை இணைத்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: மொழிபெயர்ப்புத் தேர்வில் ‘அவர் என்னைப் போக வேண்டாம் என்றார்’ என்பதற்கு ‘ஹி டிடின்ட் டெல் மீ டு கோ’ என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. அதில் என்ன பிழை?

பதில்: இலக்கணப்படி அது பிழையற்ற வாக்கியம்தான், ஆனால் நீங்கள் சொல்ல வந்ததை அது சொல்லவில்லை. ‘போ என்று அவர் என்னிடம் சொல்லவில்லை’ என்பதே அதன் பொருள். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த வாக்கியம் உண்மையாகிவிடும். வினாவில் இருப்பவரோ பேசியிருக்கிறார், தடுத்திருக்கிறார். ஆகவே ‘ஹி டோல்ட் மீ நாட் டு கோ’ என்று எழுதியிருக்க வேண்டும். சொல்லுதல் நடந்தது, மறுக்கப்பட்டது போதல் மட்டுமே என்பதால், ‘நாட்’ இங்கே ‘டு கோ’வுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நம்மவர்க்கு இந்தத் தடுமாற்றம் வருவதற்குக் காரணம் உண்டு. ‘போக’, ‘சொல்ல’ என்னும் செயவென் எச்சத்துக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லாலான எதிர்மறை வடிவம் கிடையாது. ‘போகாமல் இருக்க’ என்றோ ‘போகாதிருக்க’ என்றோ ‘இரு’ என்னும் வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அதே வேலையை ‘நாட்’ என்னும் ஒரு சொல்லை முன்னால் வைத்து முடித்துவிடுவதால், அந்த இடம் நம் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை.

‘ஐ ட்ரைட் நாட் டு லாஃப்’ என்றால் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் இருக்க முயன்றேன் என்று பொருள். ‘ஐ டிடின்ட் ட்ரை டு லாஃப்’ என்றால் சிரிக்க முயலவே இல்லை. அலுவலகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘வி டிசைடட் நாட் டு செல் த லேண்ட்’ என்பது நிலத்தை விற்பதில்லை என்ற உறுதியான முடிவு. ‘வி டிடின்ட் டிசைட் டு செல் த லேண்ட்’ என்பதோ, விற்பதென்ற முடிவு எடுக்கப்படவில்லை என்று மட்டும் சொல்லி, பேச்சு இன்னும் முடியாமல் இருப்பதற்கும் இடம் விடுகிறது. ‘ப்ராமிஸ்’, ‘அக்ரீ’ ஆகிய வினைகளும் இவ்வாறே நடக்கும்.

எழுதுவதற்கு முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘-ஆமல் இருக்க’, ‘கூடாது என்று’, ‘வேண்டாம் என்று’ என வந்தால் பெரும்பாலும் ‘நாட் டு’. ‘சொல்லவில்லை’, ‘முயலவில்லை’ என வந்தால் ‘டிடின்ட்’. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரவும் கூடும்: ‘ஹி டிடின்ட் டெல் மீ நாட் டு கோ’ என்றால், போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதாகும்.

கேள்வி: அப்படியானால் ‘ஐ வான்ட் நாட் டு கோ’ என்றல்லவா சொல்ல வேண்டும்? ஏன் எல்லோரும் ‘ஐ டோன்ட் வான்ட் டு கோ’ என்கிறார்கள்?

பதில்: மேலே சொன்ன விதிக்கு உண்மையான விலக்கு இதுதான். ‘வான்ட்’, ‘சீம்’, ‘எக்ஸ்பெக்ட்’ போன்ற சில வினைகளில், பின்வரும் வினைக்கு உரிய எதிர்மறையை முன்வரும் வினை தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. ‘ஹி டசின்ட் சீம் டு அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஹி சீம்ஸ் நாட் டு அண்டர்ஸ்டாண்ட்’ ஆகிய இரண்டுக்கும் பொருள் ஒன்றே. முன்னது பேச்சில் இயல்பானது, பின்னது எழுத்துநடைக்கு உரியது. எதிர்மறை இவ்வாறு முன்வினைக்கு இழுக்கப்படும் போக்கை டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். தமிழுக்கும் இது அந்நியமன்று: ‘அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை’ என்கிறவர், அவர் வரமாட்டார் என்ற தம் கருத்தைத்தான் சொல்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் ‘ஐ கான்ட் சீம் டு ஸ்லீப்’ என்பது. தூங்க முடியவில்லை போலிருக்கிறது என்பதே பொருள். எதிர்மறையோடு ‘முடிதல்’ என்ற கருத்தும் சேர்ந்து ‘சீம்’ என்பதற்கு முன்னால் வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்த்தால் இதை விளங்கிக்கொள்ள இயலாது; முழுதாகவே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லா வினையும் இதற்கு இசையாது. தாமதமாகிவிடக் கூடாதே என்று நினைக்கும்போது ‘ஐ ஹோப் நாட் டு பி லேட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஐ டோன்ட் ஹோப்’ என்று அதைத் தொடங்குவதில்லை.

கேள்வி: மேலாளர் ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’ என்று எழுதியிருந்தார். வரக் கூடாது என்கிறாரா?

பதில்: இல்லை. வர வேண்டிய கட்டாயமில்லை என்கிறார். விரும்பினால் நீங்கள் வரலாம். இங்கே மறுக்கப்படுவது கட்டாயம். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்பதில் மறுக்கப்படுவது வருகை, அது தடை. தமிழில் ‘நாளை வர வேண்டாம்’ என்பது இவ்விரண்டுக்கும் பொதுவாக வழங்குவதால்தான் குழப்பம் நேர்கிறது. ‘வர வேண்டியதில்லை’, ‘வரக் கூடாது’ என்று பிரித்துச் சொல்லிப் பழகினால் ஆங்கிலமும் தெளிந்துவிடும். மருந்துக் குறிப்புகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டில் கட்டாயம் கவனம் வேண்டும்: ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் ஃபுட்’ என்றால் உணவோடு சாப்பிட்டாலும் தவறில்லை, ‘யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் ஃபுட்’ என்றால் உணவோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது.

கேள்வி: ‘யூ நீட் நாட் டு வரி’ சரியா?

பதில்: தவறு. ‘யூ நீட் நாட் வரி’ அல்லது ‘யூ டோன்ட் நீட் டு வரி’. ‘நீட்’ துணைவினையாக வரும்போது ‘நாட்’ நேரே ஒட்டும், ‘டு’ வராது. முதன்மை வினையாக வரும்போது ‘டோன்ட்’ முன்னும் ‘டு’ பின்னும் வரும். ‘டேர்’ மட்டும் இருபுறமும் இசையும்: ‘ஐ டிடின்ட் டேர் டு ஆஸ்க்’, ‘ஐ டிடின்ட் டேர் ஆஸ்க்’ இரண்டும் வழக்கில் உள்ளன. ‘லெட்’ என்பதற்குப் பின் ‘டு’ கிடையாது என்பதால் ‘ஹி டிடின்ட் லெட் மீ கோ’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: ‘பேருந்தைத் தவறவிடாமல் இருக்கச் சீக்கிரம் எழுந்தேன்’ என்பதற்கு ‘ஐ காட் அப் எர்லி நாட் டு மிஸ் த பஸ்’ என்று எழுதலாமா?

பதில்: நோக்கத்தைச் சொல்லும் இடத்தில் வெறும் ‘நாட் டு’ பொருந்தாது. ‘ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த பஸ்’ அல்லது ‘இன் ஆர்டர் நாட் டு மிஸ் த பஸ்’ என்று எழுத வேண்டும். உடன்பாட்டில் ‘டு கேட்ச் த பஸ்’ என்று தனித்து வர முடிவதால் எதிர்மறையிலும் அப்படியே வரும் என்று எண்ணிவிடுகிறோம்.

கேள்வி: ‘நாட் டு கோ’, ‘டு நாட் கோ’ எது சரி?

பதில்: முன்னதே பொதுவழக்கு. ‘டு’வையும் வினையையும் பிரிக்கலாகாது என்று இங்கிலாந்துப் பாதிரியார் ஹென்றி ஆல்ஃபோர்டு 1864-இல் கண்டித்து எழுதினார், ஆயினும் பின்வந்த இலக்கண அறிஞர் பலர் அதை விதியாக ஏற்கவில்லை. இன்று, குறிப்பாகப் பேச்சில், ‘டு நாட்’ பரவலாகவே கேட்கிறது. விண்ணப்பம், தேர்வு, அலுவல் கடிதம் ஆகியவற்றில் ‘நாட் டு’ என்றே எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: ‘டிடின்ட் யூஸ் டு’ என்பதில் ‘யூஸ்ட்’ என்று ‘டி’ எழுத்துச் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டதால், ‘டிடின்ட் வென்ட்’ என்று எழுதாததுபோல இங்கும் வினையின் அடிவடிவமே வரும். ஒலிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே கேட்பதால், நல்ல நாளிதழ்களில்கூட இந்த ‘டி’ தவறிப்போய் நுழைந்துவிடுகிறது. ஆனால் ‘டிட்’ இல்லாமல் ‘நெவர்’ போட்டு எழுதும்போது, ‘ஐ நெவர் யூஸ்ட் டு’ என்று அந்த ‘டி’ இருந்தே ஆக வேண்டும்.